இருபது கிராமுக்கு மேல் மூர்க்கம்

சுன்பிச் ஊர்க் கோயிலில் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கிராம் கணக்குகூட அப்படியே.

நிக்கானோர் கனூல் சுன்பிச் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவர். வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு ஒரே ஒரு ரகசியம்தான் இருந்தது. காரம் ஆகாது, வயிற்றில் புண். காரத்துக்குப் பேர்போன யுகாத்தானில் பிறந்த ஆம்பிளை இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? கல்யாண விருந்துகளில் அபனேரோ மிளகாயைக் கடிப்பதுபோல் வாயருகே கொண்டுபோய், யாரும் பார்க்காத நேரத்தில் தொப்பிக்குள் போட்டுவிடுவார். அவர் தலை வழுக்கையானது அப்படித்தான்.

ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மனைவி எல்மி. இன்னொருத்தி பன்னிரண்டு வயது மகள் நெய்ஃபி. இந்த நெய்ஃபி அந்த ஒரே வருஷத்தில் இரண்டு பெஞ்சு, ஒரு பையனின் மூக்கு, தலைமை ஆசிரியரின் கைக்கடிகாரம் ஆகியவற்றை உடைத்திருந்தாள். பல் பார்க்க வந்த டாக்டரைக் கடித்ததில் அந்த மனுஷன் வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போனார்.

இப்படிப்பட்ட ஊருக்குத் தலைநகரத்திலிருந்து டாக்டர் பெரெனிசே லாண்டா வந்து இறங்கினாள், ஒரு தராசோடும் ஒரு பெட்டி காகிதத்தோடும். பிள்ளைகளின் மூர்க்கத்தை அளக்கிற ஆராய்ச்சி. தலைமை ஆசிரியரிடம் அவள் விளக்கியபோது நிக்கானோர் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மூர்க்கத்தை நேரா அளக்க முடியாது சார். ஒருத்தரைக் குத்துன்னு ஒரு பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா? அதுக்குப் பதிலா, சுவத்துக்கு அந்தப் பக்கம் காரம் ஆகாத ஆள் ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுவோம். மிளகாய்ச் சாந்து எவ்வளவு வேணாலும் அனுப்புன்னு கிண்ணத்தைக் கொடுப்போம். பிள்ளை மறைப்புக்குப் பின்னாடி தனியா நின்னு எடுத்து வைக்கும். நாங்க எடை போடுவோம். இருபது கிராமுக்கு மேல போனா மூர்க்கம்."

"வெறும் கிண்ணம் வந்தா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

"ஒத்துழைக்க மறுக்குதுன்னு அர்த்தம். அது இன்னும் மோசம். ரெண்டு ரகமும் பட்டியல்ல ஏறும். வெள்ளிக்கிழமை வேன் வரும். மேரிதா பட்டணத்துல ஒரு விடுதி இருக்கு, ஒரு வருஷம் வச்சுத் திருத்துவாங்க. மதில் நல்ல உயரம்."

நிக்கானோரின் விளக்குமாறு நின்றது. நெய்ஃபி இருபது கிராமோடு நிறுத்துகிற பிள்ளையா?

ஆராய்ச்சிக்கு ஒரு விதி உண்டு, பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே காரம் ஆகாத ஒருவர் உட்கார வேண்டும். டாக்டர் ஊர்க் கூட்டத்தில் கேட்டாள். எல்மி கையைத் தூக்கினாள்.

"எங்க வீட்டு ஆளுக்கு ஆகாது. பச்சத்தண்ணியில சோறு பிசைஞ்சு திங்கிற ஆளு."

ஆண்கள் எல்லோரும் சாவு வீட்டில் செய்வதுபோல் தொப்பியைக் கழற்றினார்கள்.

திங்கட்கிழமை காலை நிக்கானோரைத் துடைப்ப அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் கிடையாது. கிண்ணம் நுழைகிற அளவுக்குச் சுவரில் ஒரு பொந்து. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்று டாக்டர் வெளியே பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க சும்மா உக்காந்தா போதும். சாப்பிட வேணாம். மத்தியானம் கிண்ணங்களை எடுத்துப்பேன்."

தலைநகரத்திலிருந்து வந்த சாந்தைப் பிள்ளைகள் நக்கிப் பார்த்துவிட்டு ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டார்கள். அதனால் எல்மிதான் ஒரு பானை நிறைய அரைத்துக் கொடுத்தாள். அவள் அரைத்ததில் ஒரு துளி சிந்தி அம்மியில் ஓட்டை விழுந்ததை நானே பார்த்தேன்.

முதலில் வந்தது ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று. எறும்பைக்கூடச் சுற்றிப் போகிற பிள்ளை. பொந்து வழியாக அதன் குரல் கேட்டது.

"நிக்கானோர் மாமா, பாவம் மாமா நீங்க. நாலு கரண்டி வச்சிருக்கேன். பழகிரும், என்ன?"

அறுபது கிராம்.

அடுத்தவன் எழுபது. "எங்க அம்மா கூடக் கொஞ்சம் வைக்கச் சொன்னாங்க மாமா. உங்களுக்குன்னா மனசு கேக்கலையாம்." அதற்கடுத்தவள் கிண்ணத்தில் கோபுரம் கட்டி, உச்சியில் முழு மிளகாய் ஒன்றைச் செருகி அனுப்பினாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை.

நிக்கானோர் கதவைத் தட்டினார். "டாக்டரம்மா! இது மூர்க்கமில்லீங்க, பாசம்!"

வெளியே பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. வன்முறையைப் பெரியவர்களே பாசம் என்று நியாயப்படுத்துகிறார்கள், என்று எழுதிக்கொண்டாள்.

பத்து மணிக்குள் முப்பத்தோரு கிண்ணம் வரிசையாக நின்றது. முப்பத்தோரு பிள்ளையும் வேனில் போகும். கொட்டிவிடலாம் என்றால் தரை வெள்ளைச் சிமெண்ட். வாளிகளை டாக்டர் எண்ணி வைத்திருந்தாள். ஒரு கரண்டியைச் சட்டைப் பைக்குள் ஊற்றிப் பார்த்தார். பை அவிந்து, அடியில் இருந்த பனியன் அவிந்து, சாந்து தொடை வரை வழி தேடிப் போனது. மிச்சமிருந்த ஓட்டை ஒன்றுதான். நிக்கானோர் வாயைத் திறந்தார்.

ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி மட்டும் விட்டு மீதியைத் தின்றார். முதல் கிண்ணத்தில் கண் போனது. ஐந்தாவதில் திரும்பி வந்தது, ஆனால் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. பதினொன்றாவதில் இறந்துபோன அவருடைய மாமனார் வந்து எதிரே உட்கார்ந்து, தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டார். மத்தியானம் டாக்டர் எடை போட்டாள். பன்னிரண்டு, பதினொன்று, பதின்மூன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போட்டாள்.

"நாளைக்கும் ஒருதடவை வச்சுப் பார்ப்போம்" என்றாள். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். செவ்வாய், புதன், வியாழன் காலை என்று தினமும் முப்பத்தோரு கிண்ணம். வீட்டில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. புதன்கிழமை அந்த அறையின் வெக்கையில் மூன்று வருஷத்துப் பழைய பனையோலை விளக்குமாறுகள் குருத்து விட்டன. கூரையிலிருந்த உடும்புகள் குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குக் குடி போயின. நிக்கானோருக்கு வேர்வை செம்மஞ்சளாக ஊற்றியது. அது விழுந்த இடத்தில் கொசு சுருண்டது.

ராத்திரி வீட்டில் எல்மி சொன்னாள்: "யோவ், வாய் விட்டுச் சொல்லித் தொலையேன், நான்தான் தின்னேன்னு."

"சொன்னா முப்பத்தோரு பிள்ளையும் வேன்ல ஏறும்டி."

"நம்ம பொண்ணு?"

நெய்ஃபியை டாக்டர் கடைசிக்கு என்று வைத்திருந்தாள். பல் டாக்டர் விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. வியாழன் மத்தியானம், மற்றக் கிண்ணங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிய பிறகு, நெய்ஃபியைத் தனியாகக் கூப்பிட்டாள். நிக்கானோர் இருட்டில் உட்கார்ந்து வாயைத் துடைத்துத் தயாரானார். நூறு கிராம் வரலாம், இருநூறு வரலாம். எதுவானாலும் தின்பது என்று முடிவு.

பொந்து வழியாகக் கிண்ணம் வந்தது. காலி. கழுவித் துடைத்த மாதிரி காலி.

"நெய்ஃபி!" என்று கிசுகிசுத்தார். "என்னடி இது? கொஞ்சமாவது போடு!"

"போட மாட்டேன்பா. நீ செத்துப்போயிருவ."

"சொன்னாக் கேளு. ஒரே ஒரு கரண்டி."

"மாட்டேன்னா மாட்டேன். வேணும்னா அந்தம்மா வாயில ஊத்துறேன். ஊத்தட்டா?"

"வேணாம்டி, வேணாம்!"

"முடிஞ்சுதா, நெய்ஃபி?" என்று டாக்டர் கேட்டாள். நெய்ஃபி வெளியே போனாள். காலடிச் சத்தம் தேய்ந்தது. பூட்டில் சாவி நுழைந்தது.

நிக்கானோரிடம் ஒரு துளி சாந்து இல்லை. சுவரைத் தடவினார், பொந்தை நக்கினார், விளக்குமாற்றுக் குருத்தைப் பிய்த்துப் பார்த்தார். எத்தனை உயரமோ அந்த மதில் என்று மனசு கணக்குப் போட்டது. சாவி ஒரு சுற்று சுற்றியது. அவர் சட்டையைக் கழற்றினார். நாலு நாள் வேர்வையில் ஊறிய சட்டை. கிண்ணத்துக்கு மேல் பிடித்து, எல்மி போர்வை பிழிவதுபோல் இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கிப் பிழிந்தார். செம்மஞ்சளாக, கெட்டியாக, புகைந்துகொண்டு இறங்கியது.

கதவு திறந்தது. டாக்டர் கிண்ணத்தைத் தராசில் வைத்தாள்.

ஒன்பது கிராம்.

"முப்பத்திரண்டு பேர்ல இவதான் சாது" என்றாள் டாக்டர். "நான் போன ஊர்லயெல்லாம் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்ல."

நிக்கானோர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் நாலு அடி தூரத்தில் திறந்திருந்தது. வெயில் தெரிந்தது, கொய்யா மரம் தெரிந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. இதை இத்தோட விடக்கூடாது. உலகத்துலயே சாதுவான பிள்ளைங்க இந்த ஊர்லதான். சுத்துவட்டாரத்துல இன்னும் அஞ்சு ஊர்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும். இருநூத்திப் பன்னிரண்டு பேர். வருஷா வருஷம் அளக்கணும், அஞ்சு வருஷம். அதே அறை, அதே ஆளா இருந்தாதான் கணக்கு செல்லும்."

நெய்ஃபி ஓடி வந்து, கதவைச் சாத்தப்போன அந்தக் கையைக் கடித்தாள். முழங்கை வரை போனது பல். டாக்டர் வலியில் ஒரு நிமிஷம் கத்தினாள். பிறகு கடிபடாத கையால் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்பது கிராம் என்றுதான் இருந்தது.

"பாசக்காரி" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"பாசமா? விடுடி எங்கப்பாவை!" என்று நெய்ஃபி தராசைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "எடைக் கருவிகளில் ஆர்வம்" என்று அதற்குக் கீழே எழுதினாள் டாக்டர். அதற்கப்புறம் நெய்ஃபி என்ன உடைத்தாலும் யாரை உதைத்தாலும் அந்த ஒன்பது கிராமுக்கு வெளியே அவளால் வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வேன் வந்து, காலியாகத் திரும்பிப் போனது. அதற்குள் அந்த ஐந்து ஊர்களில் முதல் ஊரின் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அம்மா அரைத்துக் கொடுத்த சாந்துப் பானை. நிக்கானோர் மாமாவின் கஷ்டம் அங்கேயும் தெரிந்திருந்தது.

பூட்டும் முன் டாக்டர் கேட்டாள்: "ஏதாவது சொல்லணுமா, நிக்கானோர்?"

சொல்ல ஒரு வரி இருந்தது. எல்மி சொன்ன அதே இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் கதவு திறந்தே இருக்கும். ஒன்பது கிராம் அழியும். வேன் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. கொய்யா மரத்தடியில் நெய்ஃபி இடுப்பில் கைவைத்து நின்று யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் நிக்கானோர். நாக்கு வீங்கியிருந்ததால் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது. டாக்டர் அதை நன்றி என்று குறித்துக்கொண்டு பூட்டினாள்.

பொந்து வழியாக முதல் கிண்ணம் உள்ளே வந்தது.

சுன்பிச்சில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்றும் சரி, இன்றும் சரி, பக்கத்து ஊருக்கு பஸ் ஏறித்தான் படிக்கப் போகிறார்கள்.