மேஸ்திரி மட்டும் ஓட்டுகிற வண்டி

"சீக்கிரம் வெளியே வாம்மா! மேனேஜர் கிளம்பிட்டாராம்!" காவலாளி கத்தினார்.

புல்வெட்டும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. வாயில் ஒரு ஸ்பானர். கையில் இன்னொன்று. மூக்கின் மேல் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நட்டு இறுகியது. இன்னொன்று அடம் பிடித்தது. மூச்சை அடக்கி ஓர் இழுப்பு. அதுவும் வழிக்கு வந்தது.

வெளியே வந்து இன்ஜினைப் போட்டாள். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினாள். கையைத் துடைக்கும்போது மேஸ்திரியும் மேனேஜரும் வந்துவிட்டார்கள்.

"என்னம்மா கோளாறு?" என்றார் மேஸ்திரி.

"ஆயில் கசிவுண்ணே. சரி பண்ணிட்டேன்."

பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் என்றும் அவள் சொல்லவில்லை.

மைதானத்தின் அந்தப் பெரிய புல்வெட்டும் வண்டியை மூன்று வருடமாக மேஸ்திரி மட்டும்தான் ஓட்டினார். அவர் லீவு போட்டால் புல் முழங்காலைத் தொடும். மற்றவர்களும் முயன்றார்கள். ஒருவன் பூச்செடிகளுக்குள் போனான். ஒருவன் டிக்கெட் கவுண்டருக்குள் போனான். கடைசியாக முயன்றது அவளுடைய புருஷன். வேலியைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கே போனான். அன்றிலிருந்து அவன் பெயர் வேலி.

"இடது பக்கம்தான் ஒடிச்சேன் சார், வலது பக்கம் போச்சு" என்று அன்று கதறினான்.

"ஹைட்ராலிக் ஸ்டீயரிங் தம்பி, கைப்பக்குவம் வேணும்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அவளும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து செருப்பை மாற்றிப் போடுகிற மனுஷன்!

இன்று அவனுக்குக் கடைசி வாய்ப்பு. மைதானத்தை ஒரு சுற்று ஒழுங்காகச் சுற்றினால் டிரைவர் வேலை. இல்லாவிட்டால் வீடு.

"பயமா இருக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"இருக்கு."

"கை சொல்றபடி திருப்புங்க, போதும்."

"அன்னைக்கும் அதைத்தானே செஞ்சேன்!"

வண்டி கிளம்பியது. மூலை வந்தது. வலது பக்கம் புது வேலி. காவலாளி முன்ஜாக்கிரதையாக மரத்துக்குப் பின்னால் போனார். புருஷன் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் ஒடித்தான்.

வண்டி இடது பக்கம் திரும்பியது.

அடுத்த மூலையிலும் அப்படியே. அதற்கடுத்த மூலையிலும். சலூனில் முடி வெட்டிய மாதிரி புல் வரிசையாகப் படுத்தது. சுற்றை முடித்து இறங்கியவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடையவைதான்.

"குருட்டு அதிர்ஷ்டம் சார்!" மேஸ்திரியின் முகம் சுண்டிவிட்டது. "தள்ளுப்பா. எப்படி ஓட்டணும்னு நான் காட்டுறேன்."

மெக்கானிக் ஓரடி பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.

மேஸ்திரி கிளம்பிய வேகமே தனி. மூலையில் வலது பக்கம் குளம். வழக்கமான தோரணையில், அந்தப் பக்கம் பார்க்காமலே ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி குளத்தைப் பார்த்தது. பதறிப்போய் இன்னும் பலமாக ஒடித்தார். வண்டி குளத்துக்குள் இறங்கியது.

இடுப்பளவு தண்ணீர்தான். தொப்பி மட்டும் நீந்திப் போனது.

"பிரேக் போச்சா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்" என்றாள் மெக்கானிக். "இந்த வண்டியில ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புக் கம்பி கிடையாது. ஆயில்தான் தள்ளுது. அதுக்கு ரெண்டு ஹோஸ் குழாய். ஒண்ணுல ஆயில் போனா சக்கரம் இடது பக்கம் திரும்பும், இன்னொண்ணுல போனா வலது பக்கம்."

"சரி, அதுக்கு?"

"ரெண்டும் இடம் மாறி மாட்டியிருந்துச்சு. இன்னைக்குத்தான் பார்த்தேன். சரியா மாட்டிட்டேன்."

"அப்ப வண்டி நல்லாத்தானே இருக்கு? இவர் ஏன் குளத்துக்குள்ள போனார்?"

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"ஹோஸை முன்னாடி மாத்தி மாட்டினது தெரியாதவங்க எல்லாரும் இடதுக்கு இடதுன்னுதான் திருப்புவாங்க சார். தெரிஞ்சவர் ஒருத்தர்தான் தலைகீழா திருப்புவார்."