தப்பே வராத கருவி

அக்காவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அதற்கு மேலே எதுவும் சும்மா இருக்காது. அதை நம்பித்தான், கணினி பழுது பார்க்கும் என் அண்ணன் அவள் முகத்துக்கு நேரே ஒரு கேமராவை மாட்டி, அதற்கு ஒரு நிரலும் எழுதினான். புருவம் ஏறினால் சுரம் ஏறும். வாய் திறந்தால் புல்லாங்குழல் சத்தம் வரும். பெரிதாகத் திறந்தால் பெரிதாக வரும்.

வீடே மயங்கிக் கிடந்தது. அக்கா கொட்டாவி விட்டால்கூடத் தாலாட்டுப் போல இருந்தது.

கீழே தையல் கடை. எங்கள் மிக்ஸிக்கும் அண்ணனின் துளைக்கும் கருவிக்கும் என் தும்மலுக்கும் தையற்காரர் அளவுக் குச்சியால் கூரையை இடிப்பார். அக்காவின் இசைக்கு மட்டும் இடிக்கவில்லை. படியில் என்னைப் பார்த்தால், "நல்லா வாசிக்குதும்மா உங்கக்கா, பாவம்," என்பார்.

"அந்தப் பாவம் எனக்கு வேணாம். அவர் என்னைத் திட்டணும். ஒரு தடவையாவது," என்றாள் அக்கா.

"எப்படித் திட்டுவாரு?" அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "தப்பு சுரம் வந்தா நிரலே திருத்திடும். நீ தப்பா வாசிக்கவே முடியாது."

அக்கா அவனை முறைத்தாள். "அப்ப இத்தனை நாள் வாசிச்சது நானா, அதுவா? எருமை! எடுடா அதை!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எருமை, புல்லாங்குழலில் அவ்வளவு இனிமையாக வந்தது. கீழேயிருந்து கைதட்டல் கேட்டது.

அண்ணன் நிரலிலிருந்து திருத்தத்தை எடுத்தான். அக்கா புல்லாங்குழலுக்குப் பதிலாக டிரம்பெட் சத்தம் கேட்டாள். வைத்தான்.

லாரி ஹாரனின் கழுத்தை யாரோ நெரிப்பது போல இருந்தது. அம்மா ஜன்னலைச் சாத்த ஓடினாள். "திறந்தே இருக்கட்டும்மா," என்றாள் அக்கா. அதுவும் ஹாரனாகவே வந்தது.

கூரை இடிபடவில்லை. தையற்காரரே மேலே வந்தார், தோளில் டேப், கையில் ஒரு சட்டை.

"நல்லா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா புருவத்தை உச்சிக்கு ஏற்றி, வாயை முழுதாகத் திறந்தாள்.

"நிறுத்து தாயே!" சட்டையை விரித்துக் காட்டினார். "கையைக் கொண்டுபோய்க் காலர்ல தச்சிட்டேன்! உன் சத்தத்துல எனக்கு எது தோள், எது கழுத்துன்னே தெரியல!"

அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அதற்கும் ஒரு முழக்கம் எழுந்தது. அண்ணன் பாய்ந்து கேமராவை மூடினான்.

"எந்த இடம் மோசம்?" என்று கேட்டாள் அக்கா.

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஏறுதே, அந்த இடம். ஏறிட்டு, இறங்க வழி தெரியாம நிக்குது."

"டேய், திறடா." மறுபடி வாசித்தாள். இந்த முறை புருவம் நடுங்கி நடுங்கிக் கீழே வந்தது. "இப்ப?"

"அதுக்கு இது இன்னும் மோசம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு ஒரு நாற்காலி போடுடி."