காணாமல் போன லாரிகள்

பேச்சிச்செல்வியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் வெள்ளிக்கிழமை பத்தரை மணி தாண்டி அச்சாகி மேனேஜர் சங்கரலிங்கத்தின் மேஜைக்கு வந்தது. கையெழுத்துதான் பாக்கி. அதற்குள் செய்தி கேட்டிலிருந்து கேன்டீனுக்குப் போய், அங்கே இரண்டு வடை தின்றுவிட்டு, துறைமுகச் சாலையோரத்து அந்தக் கண்டெய்னர் யார்டை முழுச் சுற்றுச் சுற்றி, கடைசியில் டெல்பினிடம் வந்து சேர்ந்தது. "பன்னண்டு மணிக்குத்தான் போடுவாராம்" என்கிற உபரித் தகவலோடு. நல்ல செய்திக்குத்தான் தூத்துக்குடியில் கால் கிடையாது.

டெல்பின் யார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். பேச்சிச்செல்வி கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியையும் பதிகிறவள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆயிற்று. காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது. யார்டில் மரம் என்று இருப்பது ஒற்றைப் பூவரசு. அதன் நிழலில் ஒரு ஸ்கூட்டர்தான் நிற்கும். முதலில் வருகிறவருக்கே நிழல் என்பது டெல்பின் கட்சி. தண்ணீர் ஊற்றுகிறவருக்கே என்பது பேச்சி கட்சி. "தண்ணி ஊத்துனா மரம் ஒனக்குப் பட்டா ஆயிருமாக்கும்?" என்று டெல்பின் ஒருநாள் கேட்டாள். அதோடு சரி. ஒரே கண்ணாடி முன்னால் நின்று, ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் தலை சீவுகிற வித்தையெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டார்கள்.

பேச்சி மேல் சொன்ன குற்றம் இதுதான். கொஞ்ச நாளாக யார்டில் லாரிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. லாரி கண் முன்னால் நிற்கும், டிரைவர் நிற்பார், முதுகில் நாற்பதடிப் பெட்டியும் இருக்கும். கம்ப்யூட்டரைக் கேட்டால் மட்டும் அப்படி ஒரு லாரி உள்ளே வந்ததே இல்லை என்று சாதிக்கும். உள்ளே வராத லாரிக்கு வெளியே போகச் சீட்டு எப்படிக் கொடுப்பது? பேச்சி போனைப் பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்க மறந்துவிடுகிறாள் என்று சங்கரலிங்கம் தீர்ப்பு எழுதிவிட்டார். "எங்க பேச்சியம்மன் மேல சத்தியமா அமுக்குனேன் சார்" என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேச்சி போனால் நிழல் மிச்சம். நியாயப்படி டெல்பின் அன்றைக்குக் கேன்டீனில் இனிப்பு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் மனசு கேட்கவில்லை. பேச்சி வாய்க்காரி, பிடிவாதக்காரி, எல்லாம் சரி. பொய்க்காரி இல்லை. சண்டைக்காரியை அறிந்த அளவுக்குச் சிநேகிதியை யார் அறிகிறார்கள்?

கேட்டுக்கும் யார்டுக்கும் நடுவில் மெசேஜ் புரோக்கர் என்று ஒரு மென்பொருள் உண்டு. கேட்டில் பட்டனை அமுக்கியதும் தகவலை வாங்கி வரிசையில் வைத்து, யார்டு கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். நம் ஊர் புரோக்கர்களைப் போலக் கமிஷன் கேட்காது. அதோடு, வாங்கியது கொடுத்தது அத்தனையையும் வரி வரியாக லாக் ஃபைலில் எழுதியும் வைக்கும். பிரச்சினை என்னவென்றால் அது லட்சக்கணக்கான வரி. நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டர் முழி பிதுங்கி நின்றுவிடும். அதனால் யாரும் திறக்கவில்லை. ஆளை நிறுத்துவது அதைவிட லேசு.

டெல்பின் லாக் படிப்பதற்கென்றே உள்ள ஒரு மென்பொருளைத் தன் லேப்டாப்பில் இறக்கியிருந்தாள். அந்த வாரத்து ஃபைலை இழுத்து அதில் போட்டாள். புரோக்கர் வாங்கிய வரிகளுக்குப் பச்சை, கொடுத்த வரிகளுக்கு நீலம் என்று நிறம் வைத்தாள். காணாமல் போன ஒரு லாரியின் எண்ணைத் தேடினாள். பச்சை இருந்தது. அப்படியானால் பேச்சி அமுக்கியிருக்கிறாள்! நீலம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், வரிசை நிறைந்துவிட்டது, முதலில் நின்றதை நீக்கிவிட்டேன் என்று புரோக்கர் ஒரு வரி எழுதியிருந்தது. இன்னொரு லாரியைத் தேடினாள். அதே கதை.

அந்த வரிகளையெல்லாம் சிவப்பாக்கி, நேரப்படி படமாகக் காட்டு என்றாள். குட்டிக் குட்டிச் சிவப்பு மலைகள் எழுந்தன. திங்கள் ஒன்பது மணிக்கு ஒரு மலை. செவ்வாய் நாலரைக்கு. புதன் ஒன்றரைக்கு. வியாழன் மூன்றுக்கு. வேலை நெருக்கடி என்றால் தினமும் ஒரே நேரத்தில் அல்லவா வர வேண்டும்? டெல்பின் நகத்தைக் கடித்தாள். பிறகு நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தாள்.

அவளுடைய அம்மா பிளாரன்ஸ் விடிகாலைப் பூசை தவறாதவள். ராத்திரி செபமாலை உருட்டாமல் படுக்காதவள். ஆனாலும் பெண் பார்க்க வருகிறவர்களை ராகுகாலத்தில் வீட்டுக்குள் விடமாட்டாள். பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரியாது. அந்த வீட்டில் வளர்ந்த டெல்பினுக்கு ராகுகாலம் முடிகிற நேரம் வாய்ப்பாடு மாதிரி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். சங்கரலிங்கம் பேனாவை மூடிவைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"சார், கையெழுத்துப் போட்டுட்டியளா?"

"ராகுகாலம்லாம்மா. ஒரு பொம்பளப்பிள்ள சோத்துல கைவைக்கப் போறோம். அதயும் கெட்ட நேரத்துலயா செய்ய?"

"அதத்தான் சார் டிரைவர்மாரும் நெனைக்காங்க. ராகுகாலத்துல பெட்டிய உள்ள கொண்டுவர மாட்டாங்க. எல்லாரும் டீக்கடைல கெடந்துட்டு, முடிஞ்ச உடனே மொத்தமா வாராங்க."

"வந்தா வரட்டும். அதுக்கு?"

"யார்டு கம்ப்யூட்டர் மெதுவாத்தான் வாங்கும். புரோக்கர் வரிசைல இருபதுக்குத்தான் எடம் வச்சிருக்கு. யார்டு சின்னதா இருந்த காலத்துல வச்சது. பந்தில எடம் இல்லன்னா கடைசியா வந்தவனத்தான நிப்பாட்டணும்? இது மொதல்ல உக்காந்தவன எலையோட தூக்கி வெளிய எறியுது."

"கத சொல்லுதியா?"

"பன்னண்டாவட்டும் சார். அங்கன பேச்சியப் பாருங்க, இங்கன ஸ்கிரீனப் பாருங்க."

சொல்லி வைத்த மாதிரி பன்னிரண்டுக்குக் கேட்டுப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. பிறகு உறுமலுக்கு மேல் உறுமல். ஜன்னல் கண்ணாடி அதிர, பைபாஸ் பக்கமிருந்து லாரிகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு வந்தன. பேச்சி முகத்தை நிமிர்த்தாமல் ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஸ்கிரீனில் பச்சை, பச்சை, பச்சை. திடீரென்று ஒரு சிவப்பு. அவள் அமுக்க அமுக்க, சிவப்பு உலை அரிசியாகப் பொங்கியது.

சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பந்தியப் பெருசாக்க முடியுமாளா?" ஆபீஸ் மரியாதை எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஆக்கிருவேன் சார். தூக்கி எறிஞ்சதயும் லாக்கப் பாத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்துருவேன்."

அப்படியே செய்தாள். சிவப்பு நின்றது. நீலம் பச்சையைத் துரத்திப் பிடித்தது. புரோக்கரை அமைத்துக் கொடுத்த சென்னை மென்பொருள் கம்பெனியில் யாரைத் திட்டுவது என்று விசாரித்துச் சங்கரலிங்கம் ஒரு நம்பர் வாங்கினார். கைக்குக் கிடைத்த காகிதத்தின் முதுகில் எழுதினார். அது பேச்சியின் கடிதம்.

சாயங்காலத்துக்குள் இதுவும் யார்டைச் சுற்றிவிட்டது. டெல்பின் பத்து டிரைவர்களைக் கையோடு பிடித்துக் கொடுத்தாள் என்கிற அளவுக்கு வளர்ந்துதான் நின்றது.

மறுநாள் டெல்பின் தாமதமாக வந்தாள். பூவரசு நிழல் காலியாக இருந்தது. பேச்சியின் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றது. டெல்பின் ஒரு நிமிஷம் யோசித்தாள். தன் வண்டியையும் அதற்குப் பக்கத்திலேயே வெயிலில் நிறுத்தினாள்.

சனிக்கிழமை, ராகுகாலம் முடிகிற பத்தரை. லாரிகள் உறுமிக்கொண்டு வந்தன. கேட்டிலிருந்து, அத்தனை ஹாரன் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் எழுந்தது.

"ஏளா டெல்பினு! உள்ள வந்து சேருதா?"

"ஒண்ணு விடாம வருதுளா!"

பூவரசு நிழலில், ஒரு ஸ்கூட்டர் அளவுக்குச் சரியாகக் காலை நீட்டி, யார்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.