உரியவர் கையில்

என் வீட்டுக்காரர் வியாகுலத்தைத் தபால் வேலையிலிருந்து நீக்கியபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் துக்கம் விசாரித்தார்கள். மீதிப்பேர் சந்தோஷம் விசாரித்தார்கள். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காக்கி உடுப்புப் போட்ட முதல் லயத்துக்காரர் அவர். அவருடைய அப்பா அலையாய் அலைந்து பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கி வைத்ததால் கிடைத்த வேலை. கண் படாமல் இருக்குமா?

அவர் செய்த குற்றம் இதுதான். லயத்து ஆட்களுக்கு வரும் கடிதங்களைத் தோட்டத்து ஆபீஸில்தான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். கிளாக்கரையாவுக்கு மனம் வந்தால் அங்கிருந்து நம் கைக்கு வரும். எங்களோடு கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம் அப்படித்தான் ஆபீஸ் மேசையில் கிடந்து, தேதி போன பிறகு வந்தது. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் முறை பதிவுத் தபால் வந்தபோது இவர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. நாங்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆறாம் நம்பர் மலைக்கு நேரே ஏறி வந்து, பேச்சியம்மாவின் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தார்.

அனுமதியில்லாமல் மலைக்குள் நுழைந்தான் என்று தோட்டத்தை நடத்தும் துரை தபால் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். இரண்டு மாதத்தில் வேலை போயிற்று.

"ஒன் புருசனத் தோட்டத்துல பேரு பதிஞ்சுட்டு மம்பட்டியத் தூக்கச் சொல்லு" என்றார் மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, பல்லைக் காட்டிக்கொண்டு. வீட்டில் வந்து சொன்னேன்.

"கவருமெண்டு வேலயிலருந்து எறக்குனாங்க. கவருமெண்டு வேலயிலதான் திரும்ப ஏறுவேன்" என்றார்.

"அதுவரைக்கும் அடுப்புல என்னத்த ஏத்துறது?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் மம்பட்டி தூக்காதது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

எட்டு மாதம் மனுப் போட்டார். எல்லா மனுவிலும் 'முந்திய வேலையை விட்ட காரணம்' என்று ஒரு கேள்வி இருக்கும். இவரும் அரிச்சந்திரன் மாதிரி உள்ளதை எழுதுவார். பதிலே வராது. கடைசியில் நுவரெலியா கோர்ட்டுப் பிஸ்கால் கந்தோரிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கோர்ட்டு அழைப்பாணைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை.

"ஒடம்புக்கு முடியலன்னு விட்டேன்னு சொல்லுங்க. ஒரு பொய்யில ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்று கெஞ்சி அனுப்பினேன்.

நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியா போனார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அதிகாரி மாத்தயா. தபால் வேலையிலிருந்து ஏன் நீக்கினார்கள் என்று சிங்களத்திலேயே கேட்டாராம். இவரும் சிங்களத்திலேயே சொன்னாராம்: "கடிதத்தை உரியவர் கையில் கொடுத்தேன், மாத்தயா. அதற்காகத்தான்."

மாத்தயா பேனாவைக் கீழே வைத்தாராம். பிறகு சொன்னாராம்: "இங்கே உரியவர் கையில் கொடுக்காவிட்டால்தான் வேலை போகும்."

மறுபடியும் காக்கி உடுப்பு வந்தது.

மூன்றாம் மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேர் நின்றோம். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷினில் காலை நசுக்கிக்கொண்ட சோலைமலை போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்கில் துரைக்கு அழைப்பாணை. எங்கள் வழக்கப்படி துரையைக் கண்டால் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நிற்க வேண்டும். இவர் கழற்றவில்லை.

"ஆபீஸ்ல வை" என்றார் துரை.

"முடியாதுங்க. உரியவங்க கையிலதான் குடுக்கணும். கோர்ட்டு உத்தரவு."

துரை முகம் சிவந்து நின்றார். அப்புறம் கையை நீட்டினார்.

"தொரை கையெழுத்தா, கைநாட்டா?" என்று பின்வரிசையிலிருந்து பேச்சியம்மா கேட்டாள். களமே குலுங்கிச் சிரித்தது. துரை கையெழுத்துப் போட்டார். இவர் கையெழுத்து வாங்கிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

கணக்கப்பிள்ளை என்னிடம் பாய்ந்து வந்தார். "ஒன் புருசனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி வையி!"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம் சொல்றேங்க" என்று கூடையைத் தலையில் மாட்டினேன். "இப்ப அவரு கவருமெண்டுங்க."