பைத்துல் முகத்தஸ் விழுந்த வாரம்

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த இத்ரூஸ் ஹாஜியார், மக்காவிலிருந்து திரும்பும் வழியில் பைத்துல் முகத்தஸையும் கண்டு வந்தவர். வெள்ளைக்காரர் ஜெருசலேம் என்பார்களே, அதே நகரம். அதன் கதையை அவர் எடுத்துவிட்டால், பசறையிலிருந்து சேலை எடுக்க வந்தவர்கள்கூட வந்த வேலையை மறந்து நிற்பார்கள். கலீபா உமர் பணியாளை ஒட்டகத்தில் ஏற்றிவிட்டுத் தாம் கயிற்றைப் பிடித்து, நகரத்தைக் கையேற்க நடந்தே வந்தது. பிறகு சிலுவைப்படை புகுந்து பள்ளிவாசல் முற்றத்திலேயே சனங்களை வெட்டியது. சுல்தான் சலாஹுத்தீன் மீட்டபோது பழி வாங்காமல் விட்டது.

“அந்த மண்ணு எத்தனை பேரைத் தின்னிருக்கு தெரியுமா?” என்பார்.

1917 டிசம்பரில் ஒரு காலை, அரசாங்கக் கச்சேரி எழுத்தர் வைரவநாதன் கடைக்கு வந்தார்.

“ஹாஜியார், ஜெருசலேமைத் துருக்கியரிட்ட இருந்து எங்கட இங்கிலீசுப் படை பிடிச்சிட்டுது. கடைக்குக் கடை கொடி கட்டச் சொல்லி உத்தரவு.”

இத்ரூஸ் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“தளபதி நடந்துதான் உள்ளுக்குப் போனவராம்.”

“நடந்து போனா உமராயிட முடியுமா?”

வைரவநாதன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அது என்ர காதில விழேல்ல,” என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி ஸைனப் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“கடையைப் பூட்டிட்டு பெரகலைக்குப் போயிடுவோம். கொடி கட்ட எனக்குக் கை வராது,” என்றார்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கம்பளைக் கலவரத்துல நம்ம பழைய கடைய எரிச்சப்போ மூணு நாள் பரண்ல ஒளிஞ்சு கெடந்தோமே. யாரு வந்து எறக்கிவிட்டா?”

வெள்ளைக்காரத் துரைத்தனத்துச் சிப்பாய்கள். அவர்களுடைய துப்பாக்கியைக் கண்டதும் அழுதுகொண்டே கையேந்தி துஆச் செய்தவர் அவர்தான்.

“அதே துப்பாக்கிதான் இப்ப அங்க போயிருக்கு, ஸைனப்.”

“போகட்டும். நாளைக்கு இங்க ஒருத்தன் கல்லெடுத்தா வேற யாரைக் கூப்பிடுவீங்க?”

அவர் கடைக்குள் போனார். பிறகு சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று துணியையும் அவரே கிழித்துக் கொடுத்தார். ஸைனப் தைத்தாள். ஏணி வைத்து ஏறி அவரே கட்டினார். நல்ல துணி, தெருவிலேயே அதுதான் எடுப்பாக இருந்தது. வெற்றி ஊர்வலத்தில் குதிரைமேல் வந்த வெள்ளைக்காரத் துரை, கொடியைப் பார்த்து நின்று, குலுக்கக் கை நீட்டினார். இத்ரூஸும் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் யாரும் அந்த நகரத்தின் பெயரை எடுக்கவில்லை. எல்லார் கடையிலும் கொடி தொங்கியது. தொழுகை முடிந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மழையில் கடை திறக்க இறங்கிப் போனார்கள்.