பத்து ஐம்பத்தைந்துக்கு அடிக்காத மணி

பத்து ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. இடைவேளை முடிந்ததற்கு மணி அடிக்க வேண்டும். மணியக்கா இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி, தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டுக்கு எதிரே நின்றாள், அடிக்கவில்லை. இரண்டடி தள்ளித் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராத அழுகை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி உடைந்து பிளாஸ்திரியில் நின்றது.

"மெதுவா அழுது முடி. நான் இங்கதான் இருக்கேன்."

"மணி அடிக்கணுமேக்கா."

"அது என் கையில இருக்கு. எங்க ஓடிப்போகப் போகுது?"

ஆயிரத்து நூறு பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் போனதும் சிந்தியதைப் பொறுக்க மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்களுக்குத்தான் பொறுமை போய்விட்டது. அந்தக் காகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எதுவென்று தெரியும். பள்ளி விடுமுறைப் பட்டியலும் தெரியும் என்று சொல்வார்கள். பதினொரு மணிக்கு அவற்றில் மூத்தது ஒன்று இறங்கி வந்து, மணியக்காவின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினொன்று இரண்டுக்குக் கண்ணாடிக்காரி முகத்தைக் கழுவினாள். மணி அடித்தது.

ஏழு நிமிடம். ஆசிரியர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. டீயை ஊதாமல் குடிக்கும் பாக்கியம் அவர்களுக்கு என்றைக்கோ ஒருநாள்தான் வாய்க்கிறது. எதிர்த்தெருக் கடைக்காரர் மட்டும் இந்த மணியைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவார், அன்றைக்கும் திருத்தினார், சாயங்காலப் பேருந்தைத் தவறவிட்டு நாலு நாள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மணியக்கா குழாயடியில் குந்தி உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த நீள நோட்டை எடுத்து எழுதினாள். தேதி. ஒன்பதாம் வகுப்பு. தொடக்கம் 10.40. முடிவு 11.02. பேசவில்லை. அழுதாள்.

அவளுக்குப் பள்ளியில் வேலை மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, சாக்பீஸ் எண்ணிக் கொடுப்பது. அந்த வேலைக்கு நடுவில் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தாள். அதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று. அதற்குள் பாடத்திட்டம் மூன்று முறை மாறி, ஒரே பாடத்தை மூன்று விதமாகப் படித்துத் தேறியவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒருத்திதான். இப்போது பள்ளி ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, இரண்டு வருடம்.

பள்ளியில் ஆலோசகர் அறை என்று ஒன்று இருந்தது. நான்கு வருடமாக அதில் ஆள் இல்லை; கால் உடைந்த நாற்காலிகள் இருந்தன. கதவிலிருந்த பலகையை வாரம் ஒருமுறை துடைப்பதும் மணியக்காதான். பட்டம் கையில் வந்தால் அந்த வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்பது அவள் கணக்கு.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் இதே குழாயடியில் சட்டைக் கையைத் தூக்கி ஒரு காயத்தைக் காட்டினாள். "டீச்சர்கிட்ட சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மணியக்கா மணி அடிக்கப் போய்விட்டாள். மறுவாரத்திலிருந்து அந்தப் பெண் வரவில்லை. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்கள். கோடு நேராக வருவதற்கு ஸ்கேல் எடுத்துக்கொடுத்தது மணியக்காதான்.

படிப்பில் மற்றதெல்லாம் தேறிவிட்டாள். ஒன்றுதான் பாக்கி. நூறு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதி, பள்ளித் தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. நோட்டில் நூறு மணி நேரமும் நாலு நிமிடமும் சேர்ந்திருந்தன.

ஞாயிறு வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் அதே பள்ளி நிர்வாகியின் மருமகள். நல்ல மனுஷி. குறிப்புகளைக் கேட்காமலே கொடுப்பாள். மணியக்காவின் நோட்டை வாங்கிப் புரட்டியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா இது, பதினேழு நிமிஷம், ஒன்பது நிமிஷம், இருபத்திரண்டு நிமிஷம்னு? ரயில் டைம்டேபிளா?"

"பேசினது அவ்வளவுதானே."

"அய்யோ அக்கா, எல்லாரும் அரை மணி அரை மணியாத்தான் போடுறாங்க. நான் போன சனிக்கிழமை டிவி பாத்துக்கிட்டே எழுதி முடிச்சுட்டேன். யாரு இதையெல்லாம் படிக்கப் போறா?"

மணியக்கா அவள் நோட்டைப் பார்த்தாள். ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிசையாக முப்பது முப்பது முப்பது. நிமிடத்தைப் பார்த்துப் பார்த்தே பதினெட்டு வருடம் பிழைத்தவளுக்கு அது ஏதோ கணக்கு வாய்ப்பாடு போலத் தெரிந்தது.

"அப்ப அந்தப் பிள்ளைங்க?" என்றாள்.

"எந்தப் பிள்ளைங்க?" என்றாள் மருமகள், உண்மையாகவே புரியாமல்.

கண்ணாடிக்காரி தினமும் வரத் தொடங்கினாள். குழாயைத் திறப்பாள், மூடுவாள். பேசமாட்டாள். ஒருநாள் மட்டும், "சனி ஞாயிறு லீவு விடாம இருந்தா நல்லாருக்கும்லக்கா" என்றாள். மணியக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவளாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. நோட்டில் எழுதினாள்: 15 நிமிடம். ஒரு வாக்கியம்.

வீட்டில் மெக்கானிக்கான அவள் புருஷன் கையில் கிரீஸோடு நோட்டைத் தொடாமல் குனிந்து படித்தான். "பேசாம நின்னதுக்கும் கணக்கு உண்டா? அப்படின்னா நம்ம கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு எனக்கு டாக்டர் பட்டமே தரலாம்."

"உங்களுக்கு யாரு கையெழுத்து போடுறது?"

"உங்கம்மா போடுவாங்க. என் பொறுமை அவங்களுக்குத் தெரியும்."

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியார். எதையும் மேலோட்டமாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் நிறைய எண்கள் இருந்தன.

"இடைவேளை எத்தனை மணிக்கு முடியுது?"

"பத்து ஐம்பத்தஞ்சு சார்."

"மணி அடிக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப பதினொண்ணு ரெண்டு வரைக்கும் நீ அந்தப் பொண்ணுகூட இருந்தா, அன்னைக்கு மணியை யாரு அடிச்சது?"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு வருஷத்துல நாப்பத்தொரு நாள். மொத்தம் இருநூத்தி எழுபத்தொன்பது நிமிஷம். ஆயிரத்து நூறு பிள்ளைங்களால பெருக்கு. அறுபதால வகு. ஐயாயிரத்து நூத்திப் பதினஞ்சு மணி நேரம் வருது. நீ சேத்தது நூறு. களவாடினது ஐயாயிரத்து நூத்திப் பதினஞ்சு."

"சார், அழுதுக்கிட்டு இருக்கிற பிள்ளையை..."

"நான் உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஆனா இதுல கையெழுத்து போட்டா, அந்த நாப்பத்தொரு நாளும் எனக்குத் தெரிஞ்சே நடந்ததுன்னு ஆயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. புதுசா ஒரு நோட்டு வாங்கி அரை மணி அரை மணியா எழுதிட்டு வா. கண்ணை மூடிட்டுப் போடுறேன். இதை நான் பாக்கவே இல்ல."

நோட்டை அவளிடம் தள்ளினார். அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே புது நோட்டு வாங்கினாள். அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து வந்ததும் பாயை விரித்து உட்கார்ந்தாள். தேதி எழுதினாள். தொடக்கம் 10.40 என்று எழுதினாள். முடிவு 11.10 என்று எழுத வேண்டும். பேனா அங்கேயே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் புருஷன்.

"பத்து ஐம்பத்தஞ்சுக்கு நான் மணி அடிக்கணுமே. பதினொண்ணு பத்து வரைக்கும் எப்படிப் பேசிக்கிட்டு இருக்க முடியும்?"

"அடியே, தாள்லதான் பேசுற. தாள்ல மணி எதுக்கு அடிக்கிற?"

"அடிச்ச மணி எனக்குத் தெரியாதா?"

வேறு நேரம் போட்டுப் பார்த்தாள். ஒன்பது மணிக்குச் சுற்றறிக்கை. பன்னிரண்டுக்குச் சாக்பீஸ். எந்த அரை மணியிலும் அவள் வேறு எங்கோ நின்றுகொண்டிருந்தாள். பள்ளியில் வேலையே இல்லாத ஒருத்தியால்தான் இந்த நோட்டை எழுத முடியும் போலிருந்தது. அதோடு முப்பது முப்பதாகப் போட்டால் கண்ணாடிக்காரியின் ஒரு வாக்கியத்தை எந்த முப்பதில் வைப்பது? இருட்டுவதற்கு முன் அவள் எழுதியது ஒன்றரை வரி. புருஷன் அந்த நோட்டில் வண்டிகளுக்கு ஆயில் மாற்றிய தேதியைக் குறிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் பழைய நோட்டையே கொண்டுபோனாள். தலைமையாசிரியர் அதைத் திறக்கவில்லை. "அப்ப உன் இஷ்டம்" என்றார். கடைசித் தேதி வந்தது, போனது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தில் 'செய்முறை நிறைவுறவில்லை' என்று இருந்தது. பள்ளி நிர்வாகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தொரு நாள் மணி தாமதமாக அடித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டையும் தபால்காரரிடம் வாங்கி அலுவலகத்தில் வரவு வைத்தவள் அவளேதான். விளக்கமாக, பிள்ளைகள் அழுதார்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அது ஏற்கப்படவில்லை.

அடுத்த மாதம் சுவரில் கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். யாரும் தொடாமலே அது நேரத்துக்கு அலறியது. எதிர்த்தெருக் கடைக்காரர் இனிமேல் பேருந்து தவறாது என்று சந்தோஷப்பட்டார். தண்டவாளத் துண்டைக் கழற்ற ஆள் கிடைக்காததால் அது அங்கேயே தொங்கியது. அடிக்கிற கம்பியை ஆலோசகர் அறையின் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். காற்றில் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

ஆமாம், அறைக்கு ஆள் வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் நிர்வாகியின் மருமகள் வந்தாள். உடைந்த நாற்காலிகளை மாடிக்குத் தூக்கிப்போட்டவளும், ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டவளும் மணியக்காதான். இரண்டாவது வாரம் மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே ஒரு மாதிரி இருக்குக்கா. அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க" என்றாள் மணியக்கா.

"பிள்ளைங்க யாருமே வர மாட்டேங்கிறாங்க. அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல போலிருக்கு." சிரித்தாள். "டீ ஒண்ணு கொண்டுவர முடியுமா?"

ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் மணியக்கா கையில் சுற்றறிக்கையோடு மைதானத்தைக் கடந்தாள். கண்ணாடிக்காரி குழாயடியில் நின்றிருந்தாள். கண்ணாடியின் இன்னொரு காதுக்கம்பியிலும் பிளாஸ்திரி இருந்தது. மணியக்கா நின்றாள். இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார்கள்.

"அந்த ரூமுக்குப் போகலையா? நாளைக்கு வருவாங்க."

கண்ணாடிக்காரி தலையை ஆட்டி மறுத்தாள். குழாயை இறுக்கி மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அக்கா."

"சொல்லு."

"சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனப்புறம் எங்க வீட்டுல..."

பெட்டி அலறியது.

கண்ணாடிக்காரி, சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். வாயை மூடிக்கொண்டாள். மணியக்காவின் வலது கை எதையோ பிடிக்கப்போவது போல மேலே எழும்பி நின்றது. கையில் சுற்றறிக்கைதான் இருந்தது. ஆயிரத்து நூறு பிள்ளைகளும் வரிசைக்கு ஓடினார்கள்; கண்ணாடிக்காரி அவர்களோடு போய், தன் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்று, முன்னால் நிற்கிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதில்மேலிருந்து காகங்கள் இறங்கின.

மணி சரியாகப் பத்து ஐம்பத்தைந்து.