சுத்தியலால் இறுக்கிய கவ்வி

பயணத்தில் பீரங்கிக் குழல் ஆடினால் குறி தப்பிவிடும். அதற்காகக் கவச பீரங்கி வண்டியின் முகப்பில் ஓர் இரும்புக் கவ்வி இருந்தது, குழலைப் பிடித்துக்கொள்ள. அதைத் திறக்க ஒருவன் வெளியே இறங்கியாக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன் ஒருநாளாவது குண்டுமழையில் நின்றிருப்பானா என்ன!

அன்று காலை ஓட்டுநர் ஹார்ட்விக்தான் வெண்டலினை விரட்டினான்.

"கவ்வியில சுத்தியால இன்னும் நாலு போடுடா. ரோடு பூரா பள்ளம். குழல் ஆடுச்சுன்னா லெஃப்டினன்ட் என்னைத்தான் மென்னு துப்புவாரு."

"உன் மண்டையில போட்டா இன்னும் நல்லா உக்காரும்," என்றான் குண்டு நிரப்பும் வெண்டலின். சிரித்துக்கொண்டே அடித்து இறுக்கினான்.

மதியம் ஒரு களஞ்சியச் சுவரில் பின்புறம் ஒட்டும்படி வண்டியை மறைத்தார்கள். உடனே புறப்பட வேண்டியிருக்கும் என்று கவ்வியை யாரும் திறக்கவில்லை. வலப்பக்கத் தோப்பிலிருந்து மூன்று அமெரிக்க டாங்கிகள் தலைகாட்டின.

பூட்டியவனே திறக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெண்டலின் சுத்தியலோடு குதித்தான். ஹார்ட்விக் பார்வைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து அடிக்கும் கவ்வி அசையவில்லை. நான்தானே இறுக்கச் சொன்னேன் என்று நினைத்தான். ஆறாவது அடியில் கவ்வி விலகிச் சாய்ந்தது. அதே நேரம் டாங்கிகளின் இயந்திரத் துப்பாக்கி சடசடத்தது. வண்டியின் வலது முன்மூலையை ஒட்டி விழுந்த வெண்டலினால் கால்களை அசைக்க முடியவில்லை.

"வலப்பக்கம் திருப்பு!" என்று கத்தினார் லெஃப்டினன்ட் பிராண்டிஸ். சுழலும் பீரங்கிக் கோபுரம் இல்லாத வண்டி அது. குறி பார்க்க வண்டியே திரும்ப வேண்டும்.

"சார், வெண்டலின் அங்கதான் கெடக்குறான். உயிரோட இருக்கான் சார்!"

"பின்னால எடு!"

"சுவரு இருக்கு சார்."

லெஃப்டினன்ட் டாங்கிகளை ஒருமுறை பார்த்தார். "உள்ள நாலு பேரு இருக்கோம்டா. திருப்பு."

குறுகிய பாலமானாலும் சந்தானாலும் முன்னால் நின்று கைகாட்டி வண்டியை நடத்துபவன் வெண்டலின். இரண்டு வருடத்தில் அந்தக் கை சொன்னதை ஹார்ட்விக் ஒருமுறைகூட மீறியதில்லை.

வெண்டலின் தரையில் கிடந்தபடியே கையை உயர்த்தினான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நில்.

ஹார்ட்விக் வலப்பக்கம் திருப்பும் நெம்புகோலை இழுத்தான்.